ஐந்தாவது ஆள்

வேல்விழி எம்.ஏ. சேர்ந்த துறைக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் தனிக் கட்டடம் கிடையாது. கோயம்புத்தூருக்கு வெளியே இருந்த அந்த வளாகத்தில், விலங்கியல் துறைக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த ஒரு கூடத்தை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். வாசலில் ‘உலக இசை மரபுகள்’ என்று ஒரு பலகை தொங்கும். அதைப் படித்துவிட்டுச் சிலர் உள்ளே எட்டிப் பார்த்து, “இங்க கீபோர்டு கத்துத் தருவாங்களா?” என்று கேட்பார்கள். இல்லை என்றால், “பின்ன என்னதான் பண்றீங்க?” என்பார்கள். அந்தக் கேள்விக்குச் சுருக்கமாக ஒரு பதில் சொல்ல வேல்விழிக்குக் கடைசி வரை வரவில்லை.

அவள் வீடு திருப்பூர் வீரபாண்டியில். அப்பா குருசாமி கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊரிலிருந்து, மழை பொய்த்த ஒரு வருசம் குடும்பத்தோடு கிளம்பி வந்தவர். பனியன் கம்பெனியில் டெய்லர். அம்மா சின்னத்தாய் அதே கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, ஓட்டையோ கறையோ விட்டுப்போன தையலோ இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. வேல்விழியும் பள்ளி லீவு நாட்களில் அம்மா பக்கத்தில் நின்று பனியன் பார்த்திருக்கிறாள். உள்ளூர்க் கல்லூரியில் பி.ஏ. முடித்த பிறகு ஒரு வருசம் முழுக்க அதே வேலைதான்.

சின்ன வயதில் பள்ளிக்கூடத்து இறைவணக்கக் கூட்டத்தில் அவளைப் பாட விட்டு, ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். சுருதி சேரவில்லையாம். அதற்குப் பிறகு அவள் யார் முன்னாலும் பாடியதில்லை. எந்தப் பட்டம் பெற்றவர்களும் சேரலாம் என்று செய்தித்தாளில் இந்தப் படிப்புக்கு விளம்பரம் பார்த்தபோது, எதற்காக விண்ணப்பித்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. கம்பெனியை விட்டு வெளியே போக ஒரு கதவு தெரிந்தது, அவ்வளவுதான்.

முதல் வகுப்பில் பேராசிரியை விஜயராணி ஜாவாத் தீவின் ‘காமெலான்’, அதாவது வெண்கல வாத்தியங்கள் பல சேர்ந்து ஒலிக்கும் ஒரு பதிவைப் போட்டார். வேல்விழிக்கு முதலில் பல் கூசியது. ஏதோ பிசகி இருக்கிறது என்று தோன்றியது. பதிவு முடிந்ததும் விஜயராணி, “யாருக்கெல்லாம் இது சுருதி விலகின மாதிரி கேட்டுது?” என்றார். ஆறு பேரும் கை தூக்கினார்கள். “நம்ம காதுக்குத்தான் விலகிக் கேக்குது. அவங்க அஞ்சு ஸ்வரமோ ஏழு ஸ்வரமோ, நாம வெக்கற இடத்துல வெக்காம வேற இடத்துல வெச்சிருக்காங்க. அந்த ஊர்க்காரருக்கு நம்ம ஆர்மோனியத்தைக் கேட்டாத்தான் பல் கூசும்” என்றார்.

அன்று சாயங்காலம் ரயிலில் திருப்பூர் திரும்பும்போது வேல்விழி ஜன்னலோரம் உட்கார்ந்து யாருக்கும் தெரியாமல் அழுதாள். அதன்பின் வந்த ஒவ்வொரு வாரமும் ஒரு புது ஊர். காகசஸ் மலையோரத்தில் மூன்று குரல்கள் மூன்று வழியாகப் போய் ஒரே இடத்தில் வந்து சேரும் பாட்டு. மங்கோலியப் புல்வெளியில் ஒரே தொண்டையிலிருந்து ஒரே நேரத்தில் கிளம்பும் இரண்டு ஒலிகள். ஆப்பிரிக்காவில், மரப்பலகையில் பதித்த இரும்பு நாக்குகளைக் கட்டைவிரலால் தட்டி இறந்தவர்களை அழைக்கும் வாத்தியம். ஊரே ஒரு பெரிய கம்பெனி என்று நினைத்து வளர்ந்தவளுக்கு, மனிதர்கள் இத்தனை விதமாகவா வாயைத் திறக்கிறார்கள் என்பதே போதுமானதாக இருந்தது.

வீட்டில் ஒப்பந்தம் வேறு. “ரெண்டு வருசம் தாரேன். நடுவுல நின்னேன்னு வந்தா, மறுபேச்சு இல்லாம ஜெயபாண்டிக்குக் கழுத்த நீட்டணும்” என்று குருசாமி சொல்லியிருந்தார். ஜெயபாண்டி அத்தை மகன். பிளஸ் டூ முடித்துவிட்டு இங்கேயே பேக்கிங் பிரிவில் இருந்தான். நல்லவன்தான். அவனைக் கட்டிக்கொள்ள அவளுக்கு மறுப்பும் இல்லை, அவசரமும் இல்லை.

இரண்டாம் வருசம் தொடங்கிய முதல் நாள், 2008 ஜூலையில், விஜயராணி வகுப்புக்குள் வந்து, வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே மேஜைமேல் வைத்தார். அவர் ஒப்பந்த ஆசிரியை. வருசா வருசம் புதுப்பித்தால்தான் வேலை.

“புது விதி போட்டிருக்காங்க. எம்.ஏ. வகுப்புல அஞ்சு பேருக்குக் கொறஞ்சா நடத்தக் கூடாதாம். மாசக் கடைசி வரைக்கும் பாப்பாங்க. அதுக்குள்ள சேரலைன்னா இழுத்து மூடிருவாங்க.”

வேல்விழி அறையைப் பார்த்தாள். ஆறு பேராகத் தொடங்கிய வகுப்பில் நான்கு பேர்தான் இருந்தார்கள். அக்ஷராவும் முனீஸும் லீவுக்குப் பிறகு வரவில்லை. புதுச் சேர்க்கையில் ஒரு ஆள்கூடக் கிடையாது.

“ஒரே ஒரு ஆள்தான?” என்றான் மடத்துக்குளத்துப் பையன் வீரன். “யாரையாவது புடிச்சிட்டு வந்தா ஆச்சு.”

“யாரையாவது இல்லப்பா. முதல் வருசம் படிச்சவங்களா இருக்கணும்” என்றார் விஜயராணி.

வேல்விழி மறுநாளே அக்ஷரா வீட்டுக்குப் போனாள். அவள் அப்பா தனபால் எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருந்தார். குண்டடத்தில் பூமி உள்ள குடும்பம். தனபாலே வாசலுக்கு வந்து வரவேற்றார்.

“வாங்க கண்ணு, உள்ள வாங்க. நம்ம புள்ளைகூடப் படிக்கறவங்களா? உக்காருங்க, காப்பி குடிச்சுட்டுப் பேசலாம்.”

அவள் வந்த விஷயத்தைச் சொன்னாள். தனபால் பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொல்றது புரியுதுங்க கண்ணு. ஆனா பாருங்க, புள்ளைக்கு ஆவணியில கல்யாணம் வெச்சிருக்கறமுங்க. அதுக்கு மேல மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாத்து அனுப்பறதுதானுங்க.”

அக்ஷரா அவளை மாடிக்குக் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தியதும் வேல்விழி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “பேருக்கு இருந்தாப் போதும் அக்ஷரா. நோட்ஸ் எல்லாம் நான் எழுதித் தாரேன். நீ வரக்கூட வேண்டாம்.”

“வேலு, நான் உண்மையச் சொன்னா நீ கோவிச்சுக்கக் கூடாது. இந்தக் கல்யாணத்த ஒரு வருசம் தள்ளிப் போடறதுக்குத்தான் நான் அங்க சேர்ந்தேன். அதுலதான் கூட்டம் இல்லாம சுலபமா சீட்டுக் கெடச்சுது. அந்தப் பாட்டெல்லாம் கேட்டா எனக்குத் தலைவலிதான் வரும். நீ மட்டும் எப்படிக் கண்ண மூடிட்டுக் கேக்கறேன்னு ஆச்சரியமா இருக்கும்.” கையை விடுவித்துக்கொண்டு, “எம்பட சர்டிபிகேட் எல்லாம் அப்பா வாங்கிட்டு வந்துட்டார்” என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் வேல்விழிக்கு அக்ஷரா மேல் கோபமே வரவில்லை. பயம்தான் வந்தது. இனி மிச்சம் முனீஸ் ஒருவன்.

முனீஸ் குடும்பமும் சாத்தூரிலிருந்து திருப்பூருக்கு வந்ததுதான். கல்யாண வீடுகளில் பாட்டுக் கச்சேரிக் குழுவோடு போய் கீபோர்டு வாசிப்பான். அவன் அப்பா பங்குனியில் கம்பெனியில் அயர்ன் போட்டுக்கொண்டு நின்றவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். அம்மா கருத்தம்மாவுக்குக் கால் வீக்கம், நிற்க முடியாது. முனீஸ் படிப்பை விட்டுவிட்டுத் துணி வெட்டும் பிரிவில் பகல் ஷிப்டில் சேர்ந்திருந்தான்.

டீ இடைவேளையில் கேட்டுக்கு வெளியே அவனைப் பிடித்தாள். தலையெல்லாம் பஞ்சுத் தூசு.

“ஆசை காட்டாத வேல்விழி” என்றான் அவன், அவள் முழுதும் சொல்லி முடிப்பதற்குள். “நானே இப்பதான் மறந்துக்கிட்டிருக்கேன்.”

“நைட் ஷிப்ட் கெடச்சா வருவியா?”

அவன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

அவள் அப்பாவிடம் மன்றாடினாள். குருசாமியும் முனீஸும் ஒரே கம்பெனி. அங்கே கட்டிங் மாஸ்டர் குருசாமிக்கு வேண்டியவர். “ராத்திரி பூரா நின்னுட்டுப் பகல்ல காலேஜுக்குப் போன்னா ஒருத்தன் எப்பம்மா தூங்குவான்?” என்று கேட்டார் குருசாமி. “ட்ரெயின்ல தூங்கிக்குவாம்ப்பா. ஒரு வருசம்தான” என்றாள். குருசாமி மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கருத்தம்மாதான் அசையவில்லை. காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, “எம்மா, அவனுக்கு இருக்கது ஒரே ஒரு ஒடம்புதான்” என்றாள்.

“நான் பாத்துக்கிடுதேன் பெரியம்மா. சோறு கொண்டுபோறதுலேருந்து எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் வேல்விழி.

மாசக் கடைசிக்குள் முனீஸ் மீண்டும் வருகைப் பதிவேட்டில் ஏறினான். வகுப்பு பிழைத்தது.

அந்தச் சில மாதங்கள் அவள் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். விஜயராணி எங்கிருந்தோ இரவல் வாங்கி, இந்தோனேசிய மூங்கில் வாத்தியங்கள் சிலவற்றைக் கொண்டு வந்தார். ஒரு சட்டத்தில் மூங்கில் குழல்கள் தொங்கும். ஆட்டினால் கலகலவென்று ஒரே ஒரு ஸ்வரம் வரும். ஒரு ஆளிடம் ஒரு ஸ்வரம். ஐந்து பேரும் அவரவர் முறை வரும்போது ஆட்டினால்தான் ஒரு மெட்டு முழுதாகக் கேட்கும். முனீஸ் தூக்கக் கலக்கத்தில் இடம் தவறவிட்டு ஆட்டுவான். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். பிறகு ஒருநாள் ஐந்து பேரும் ஒரு தப்பும் இல்லாமல் வாசித்து முடித்தார்கள். விஜயராணி கைதட்டவில்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஐப்பசிக்கு மேல் ஊரில் காற்று மாறியது. அமெரிக்காவில் ஏதோ பேங்க் திவால் என்றார்கள். ஆர்டர் நின்றது. கம்பெனிகளில் ஆளைக் குறைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் மூட்டை முடிச்சோடு தெற்கே போகிற கூட்டம் தீபாவளி முடிந்தும் குறையவில்லை. முனீஸ் வேலை பார்த்த பிரிவில் பாதிப் பேரை நிறுத்திவிட்டு, மிச்சம் இருந்தவர்களிடம் இரண்டு ஆள் வேலையை வாங்கினார்கள். விட்டுவிட்டுப் போக முடியாது. வெளியே அந்த இடத்துக்கு ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கண்கள் எப்போதும் சிவந்திருந்தன. ரயிலில் உட்கார்ந்தால் கோவை வரும்வரை அசைவு இருக்காது. வேல்விழி தோளைப் பிடித்து உலுக்கி இறக்குவாள். தை மாசத்தில் ஒருநாள் காலை, ஸ்டேஷன் வாசலிலேயே நின்றுகொண்டு, “இன்னைக்கு நான் வரல. கண்ணுக்குள்ள மணல் போட்ட மாதிரி இருக்கு. வீட்டுக்குப் போயிப் படுக்கேன்” என்றான்.

“ஏற்கெனவே வருகை கொறைவா இருக்கு முனீஸ், இன்னும் கொறஞ்சா பேர அடிச்சிருவாங்க. இன்னைக்கு மட்டும் வந்துரு.”

அவன் வந்தான். அன்று வகுப்பில் தலையைப் பெஞ்சின்மேல் வைத்துத் தூங்கினான். விஜயராணி எழுப்ப வேண்டாம் என்று சைகை காட்டினார்.

அடுத்த வாரம் ஒரு காலை அவன் ஸ்டேஷனுக்கு வரவில்லை. வேல்விழி பிளாட்பாரத்தில் நின்று போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள். வண்டி வந்து போய்விட்டது. அப்போது குருசாமி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவர் சட்டையில் ரத்தம் காய்ந்து கருத்திருந்தது. ஒரு நிமிஷம் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்லம்மா. முனீஸு” என்றார்.

அடுக்கிய துணியை நெட்டுக்குத்தாக ஓடுகிற பிளேடுக்குள் கையால் தள்ளித் தள்ளி, வளைவான பாகங்களை வெட்டுகிற மெஷின் ஒன்று உண்டு. இரும்பு வலைக் கையுறை போட்டுக்கொண்டுதான் தள்ள வேண்டும். கையுறை ஒன்றுதான் இருந்ததாம், அது வேறொருவர் கையில். முனீஸ் வெறுங்கையால் தள்ளியிருக்கிறான். ஷிப்ட் முடிகிற நேரம். கண் ஒரு கணம் சொக்கிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. சேதி கேட்டு ஓடிப்போன குருசாமிதான் அவனைத் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கருத்தம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். வேல்விழியைப் பார்த்ததும் குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

“பாத்துக்கிடுதேன்னு சொன்னியே தாயி. என்னத்தப் பாத்த?”

வேல்விழி உள்ளே போனாள். முனீஸ் மருந்து மயக்கத்தில் கிடந்தான். கட்டுப் போட்ட கை தலையணைமேல் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அவள் கட்டில் பக்கத்தில் நின்றாள். அழ வேண்டும் என்று தோன்றியது, அழுகை வரவில்லை. அவள் மனசு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இவன் எத்தனை வாரம் படுத்திருப்பான், வருகை எவ்வளவு குறையும், வகுப்பு என்ன ஆகும் என்று. அது தன் மனசுதான் என்பது உறைத்தபோது அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர், “தண்ணி குடுங்கப்பா அந்தப் பிள்ளைக்கு” என்றார்.

விஜயராணி விசாரித்து வைத்திருந்தார். மருத்துவச் சான்றிதழோடு அவன் ஒரு விண்ணப்பம் கொடுத்தால், வராத நாட்களை மன்னித்துவிடுவார்கள். அவன் பெயர் பதிவேட்டில் நிற்கும். வகுப்பும் பிழைக்கும். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். “கையெழுத்துப் போட முடியாதுன்னா, இடது கைப் பெருவிரல் ரேகை வெச்சாப் போதுமாம்மா.”

அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு வேல்விழி ஆஸ்பத்திரிக்குப் போனாள். முனீஸ் விழித்திருந்தான். கருத்தம்மா அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயசு ஆம்பளை, அம்மா கையால் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டிருந்தான். வேல்விழி ஆப்பிளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். மறுபடியும் போனாள். மறுபடியும் பை திறக்கப்படவே இல்லை. எம்.ஏ. படிக்கிற ஒருவனிடம் ரேகை வாங்க மைப் பெட்டியோடு போய் நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இவனை இனி எதற்கும் கூப்பிடுவதில்லை என்று அவளாகவே முடிவு செய்தாள். அது தான் செய்கிற பிராயச்சித்தம் என்று நம்பினாள்.

விண்ணப்பம் கொடுக்க வேண்டிய கெடு கடந்தது.

“ஒரு ரேகை வாங்க முடியலையா உன்னால?” என்று வீரன் வகுப்பில் கத்தினான். “எங்கப்பா காட்டு வேலைக்கு ஆள் இல்லாம ஒத்தையில கெடக்கறாருங்க! நான் இங்க ரெண்டு வருசத்த விட்டுருக்கேன்!” மற்ற இருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் உத்தரவு வந்தது. கூடத்தைப் பூட்டினார்கள். மூங்கில் வாத்தியங்கள் இரவல் வாங்கிய இடத்துக்கே போயின. விஜயராணி இரண்டு பைகளோடு நாகர்கோவில் பஸ் ஏறினார். போகும்போது வேல்விழியின் கன்னத்தைத் தொட்டு, “நீ செஞ்சது தப்புன்னு நான் சொல்லமாட்டேன்மா” என்றார். சரி என்றும் அவர் சொல்லவில்லை.

வேல்விழி அம்மா பக்கத்தில் போய் நின்று மறுபடியும் பனியன் பார்க்க ஆரம்பித்தாள். வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. சின்னத்தாய் மட்டும் சாப்பிடும்போது அவள் தட்டைப் பார்த்துவிட்டு, “ரெண்டு வாயாவது தின்னு” என்பாள். அவள் காதில் எதுவும் விழவில்லை. ஒருநாள் ஓட்டை விழுந்த பனியனை நல்லதோடு சேர்த்து அடுக்கிவிட்டுச் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினாள். தண்டவாளத்தைக் கடக்கும்போது வண்டி வருகிற சத்தம் கேட்டும் கால் எடுத்து வைக்கத் தோன்றாமல் ஒருநாள் நின்றாள். யாரோ ஒரு வடநாட்டுத் தொழிலாளி கையைப் பிடித்து இழுத்து, இந்தியில் வைதுவிட்டுப் போனான். அதை அவள் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முனீஸ் அவள் வீட்டுக்கு வந்தான். கட்டு சிறியதாகியிருந்தது. வீரன் சொல்லித்தான் வகுப்பை மூடிய விஷயமே அவனுக்குத் தெரிந்ததாம். குருசாமி நாற்காலியை இழுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை.

“ஒரு பேப்பர் இருந்துச்சாமே” என்றான்.

வேல்விழி தலையாட்டினாள்.

“எங்கிட்ட ஏன் காட்டல?”

“உன்ன அந்த நெலமையில வெச்சு எப்படிக் கேப்பேன் முனீஸ்? என்னாலதான உனக்கு...”

“போனது என் வெரலு. படிப்பும் என்னுதுதான? மொதல்ல வந்து வா வான்னு இழுத்த. நானும் ஆசைப்பட்டு வந்தேன், அதுல உம்மேல எனக்கு வருத்தம் இல்ல. இப்ப எனக்கு வேண்டாம்னு நீயே முடிவு பண்ணிட்ட. அத மட்டும் எப்படிப் பண்ணின? வெரலு போனவனுக்குக் காதுமா போயிரும்?”

அவன் அழுதான். குருசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேல்விழி சுவரோடு சாய்ந்து நின்றாள். ஒரே மனிதனுக்கு இரண்டு தடவை இரண்டு விதமாகத் தீங்கு செய்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் தடவை தனக்கு வேண்டும் என்பதற்காக. இரண்டாம் தடவை இரக்கத்துக்காக.

“நாளைக்கு யுனிவர்சிட்டிக்குப் போவமா?” என்று கேட்டாள். இந்தத் தடவை கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

“போவோம்” என்றான்.

போனார்கள். ஒரு நாளில் நடக்கவில்லை. உத்தரவு போட்டாகிவிட்டது என்றார் ஒரு அதிகாரி. கோப்பு இன்னொருவர் மேஜையில் என்றார் அடுத்தவர். முனீஸ் வராந்தாவில் சுவரோரம் நிற்பான். போகிற வருகிறவர்கள் அவன் கையைப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் பார்வை பொறுக்காமல் வேல்விழி ஒருநாள் பதிவாளர் அறைக்குள் கேட்காமலே நுழைந்து, கையில் இருந்த மனுவை நீட்டினாள். பின்னாலேயே வந்த முனீஸ்தான் பேசினான். வகுப்பு வேண்டாம், ஆசிரியர் வேண்டாம், தேர்வு மட்டும் எழுத விடுங்கள் என்றான். அவர் கோப்பை வரவழைத்துப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு முறை, இந்த ஏப்ரலில் மட்டும் எழுதலாம் என்று அனுமதித்தார்.

முனீஸுக்குப் பதிலாக எழுத ஓர் ஆள் வேண்டும். அந்தப் பாடம் படித்தவராக இருக்கக் கூடாது, பட்டமும் பெற்றிருக்கக் கூடாது என்பது விதி. ஜெயபாண்டி தானாக முன்வந்தான். பேக்கிங்கில் லீவு சொல்லிவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து முனீஸ் பக்கத்தில் உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் எழுதினான். முதல் தேர்வு முடிந்து வெளியே வந்ததும், “ஏ வேலு, காமெலான், காமெலான்னு எழுதச் சொன்னானே, அது என்ன ஒட்டகமா?” என்று கேட்டான். அத்தனை மாதத்தில் அன்றுதான் முனீஸ் சிரித்தான்.

கேட்டல் தேர்வுக்கு விஜயராணி நாகர்கோவிலிலிருந்து தன் சொந்தச் செலவில் வந்திருந்தார். பல ஊர்ப் பதிவுகளிலிருந்து சிறு சிறு துண்டுகளைப் போடுவார்கள். எந்த மரபு, எந்த வாத்தியம் என்று எழுத வேண்டும். வேல்விழி கண்ணை மூடிக் கேட்டால் போதும், ஊரைச் சொல்லிவிடுவாள் என்று பெயர் வாங்கியவள். முதல் இரண்டை எழுதினாள். மூன்றாவதாக வெண்கலச் சத்தம் வந்தது. எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியும். பேனாவைப் பிடித்திருந்த தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பார்த்தாள். பேனா நகரவில்லை. அடுத்தது வந்தது, அதற்கும் நகரவில்லை. துண்டுகள் ஒவ்வொன்றாக ஓடி முடிந்தன. மூன்று வரிசைக்கு அப்பால் முனீஸ் ஜெயபாண்டியின் காதில் வேகவேகமாகக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாளைச் சேகரித்த விஜயராணி அதைப் பார்த்துவிட்டு, “என்னடி இது? வெத்துத் தாளுக்கு நான் எப்படி மார்க் போடுவேன்?” என்றார்.

முனீஸும் வீரனும் மற்ற இருவரும் தேறினார்கள். வேல்விழி அந்த ஒரு தாளில் தோற்றாள். மறுதேர்வு கிடையாது. படிப்பே இல்லாமல் போனபின் மறுதேர்வு ஏது? ரயில் ரயிலாகப் போய்ப் படித்ததற்கு அவள் கையில் முதல் வருச மதிப்பெண் பட்டியல் மட்டும் மிஞ்சியது.

முனீஸுக்கு ஒரு கம்பெனியில் டைம் கீப்பர் வேலை கிடைத்தது. எம்.ஏ. என்று எழுதியிருந்தது அதற்கு உதவியதா, கையைப் பார்த்து இரங்கினார்களா என்று அவனுக்கே தெரியாது. கச்சேரிக் குழுவில் அவனுக்குப் பதில் வேறு ஆள். இடது கையால் மட்டும் வாசிக்கப் பழகுகிறேன் என்று வேல்விழியிடம் ஒரு தடவை சொன்னான். அது எதுவரை வந்தது என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

2010 தை மாசம் வேல்விழிக்கும் ஜெயபாண்டிக்கும் வீரபாண்டியில் ஒரு சிறிய மண்டபத்தில் கல்யாணம். முனீஸ் பந்தியில் நின்று இடது கையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கருத்தம்மா வரமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்த பிறகு, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு மேடை ஏறி வந்தாள். வேல்விழி குனிந்து அவள் காலைத் தொட்டாள். கருத்தம்மா திருநீற்றை அவள் நெற்றியில் வைத்தாள்.

“அவன் சட்டைக்குப் பொத்தான் இன்னமும் நாந்தான் போட்டு விடுதேன்” என்றாள். சாபம் போலவும் இல்லை, மன்னிப்பு போலவும் இல்லை. இருக்கிறதைச் சொன்னாள்.

பிறகு மெல்ல இறங்கிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வேல்விழி மேடையிலிருந்து அவள் சாப்பிட்டு எழுகிற வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டோக்காரர், “அக்கா, இங்கிட்டு பாருங்க, இங்கிட்டு” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.